மேல் மூன்று வரிசை

ஜன்னல் கண்ணாடியைத் திறந்தே வையுங்கள், பரவாயில்லை. எனக்குக் குளிராது. பத்தொன்பது வருஷம் ஸ்காட்லாந்தில் நர்ஸாக இருந்தவள் நான். அங்கே கடல் காற்று முகத்தில் அடித்த பிறகு ஊட்டிக் குளிரெல்லாம் ஃபேன் காற்று மாதிரி. உங்களுக்கு வேண்டுமானால் மூடிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டருக்கு மேலே ஸ்வெட்டர் போட்டிருக்கிறீர்களே, எந்த ஊர்? கரூரா? நினைத்தேன்.

நானும் மேட்டுப்பாளையம் வரைக்கும்தான். ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. என் நிலத்தை ஒரு ரிசார்ட்காரருக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடுகிறேன். குடில் குடிலாகக் கட்டப்போகிறார்களாம். அவர்களுடைய வக்கீல் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டால் என் ஓடைக்கரையில் இருக்கிற பம்ப்செட்டைத் தூக்கிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். என் பம்ப்செட் இல்லை. ரமணியுடையது. அந்தத் தண்ணீர் இல்லாமல் அவளுக்கு வெள்ளாமை இல்லை. அங்கே வைத்துக்கொள்ளச் சொன்னதெல்லாம் எங்கள் அப்பா காலத்து வாய்வார்த்தை. தூக்கட்டும். அவளுக்கும் தெரியட்டும்.

ரமணி யாரென்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். பஸ் பர்லியார் வளைவெல்லாம் இறங்குகிற வரைக்கும் வேறென்ன வேலை நமக்கு.

ஒன்றாம் கிளாஸிலிருந்து பத்தாம் கிளாஸ் வரை எனக்கும் அவளுக்கும் ஒரே பெஞ்ச். அவள் படுகர் வீட்டுப் பெண். நான் சர்ச் பள்ளிக்கூட வாத்தியார் மகள். நான் நர்ஸிங் படிக்கப் போனேன். அவள் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் நிலத்துக்கு மேல்படியிலேயே குடிவந்தாள். எங்கள் பள்ளம் ஊட்டியிலிருந்து தலைகுந்தா போகிற வழியில் இருக்கிறது. படிக்கட்டு மாதிரி நிலம். உச்சிப்படியில் ஹாலண்ணன், நடுவில் சில வீடுகள், கடைசிக்கு முந்தின படியில் ரமணி, கடைசிப் படியில் நான். எனக்குக் கீழே ஓடை. அவளுக்கு வீட்டுக்காரர் இல்லை, தவறிப்போய்விட்டார். மகன் திருப்பூரில். எனக்கு யாருமே இல்லை, கோயம்புத்தூரில் ஒரு தம்பி இருப்பதைத் தவிர. அப்படி ரெண்டு பேர் அடுத்தடுத்து இருந்தால் எப்படி இருக்கணும்? நீங்களே சொல்லுங்கள்.

நான் திரும்பி வந்ததே செடி வைக்கத்தான். சிரிக்காதீர்கள். நான் வேலை பார்த்த அபர்தீனில் மத்தியானம் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும். அந்தக் குளிரிலும் சமையலறை ஜன்னலோரத்தில் லைட் போட்டுப் பார்ஸ்லி, தைம், பேசில் எல்லாம் பச்சைப்பசேலென்று வைத்திருந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் வந்து கிள்ளிக்கொண்டு போவார்கள். பேசில் தெரியுமா? பீட்சா மேல் ஒரு இலை போடுவார்களே. நம் துளசிக்குச் சித்தப்பா மகள் மாதிரி. தைம், ரோஸ்மேரி எல்லாம் குளிருக்கு அசராது. பேசில் அப்படி இல்லை. கொஞ்சம் முகம் கோணினால்கூடத் தலையைத் தொங்கப்போட்டுவிடும். ஊட்டியில் பனிக்காலத்தில் பேசில் வளர்ப்பவர் யாருமில்லை. நான் வளர்த்தேன். திறந்த வெளியில், மண்ணில்.

எங்கள் ஊரில் பனி என்றால் மூடுபனி இல்லை, பாருங்கள். புல் மேல் உப்புக் கொட்டின மாதிரி உறைந்து கிடக்கும். அது கிடந்தால்கூடச் சமாளிக்கலாம். அது இலை மேல் இருக்கும்போதே வெயில் பட்டால்தான் இலை வெந்துபோகும். அதனால் சாயங்காலமே மிலார் என்கிற காட்டுப் புதரின் கொப்பை வெட்டிவந்து பாய் மாதிரி செடி மேல் பரப்புவோம். அப்புறம் வெயில் இறங்குவதற்கு முன்னால் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்துவிட வேண்டும். ஆனால் பனி விழுந்ததா இல்லையா என்று போர்வைக்குள் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் சாக்கு.

ரமணி வீட்டு வாசலில் கொடிக்கம்பியில் ஒரு ஈரச் சாக்குத் தொங்கும். கார்த்திகை கடைசியிலிருந்து தை முடிகிற வரைக்கும், விடியுமுன் யார் முறையோ அவர் வந்து அதைத் தொட்டுப் பார்ப்பார். தொளதொளவென்று இருந்தால் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அட்டை மாதிரி விறைத்திருந்தால் அடுத்த வீட்டுக்குப் போனில் ஒரு ரிங். எடுக்கக் கூடாது. அந்த வீட்டுக்காரர் அதற்கடுத்த வீட்டுக்கு ஒரு ரிங். அப்படியே பள்ளம் முழுக்க விளக்கெரியும். எனக்கு அடிக்க வேண்டியவள் ரமணி.

எனக்கு முறை கிடையாது. நான் வேண்டாமென்று சொல்லவில்லை. எத்தனையோ வருஷம் நைட் டியூட்டி பார்த்து ஓய்ந்தவள் நான், விடிகாலைத் தூக்கம் எனக்கு மருந்து மாதிரி என்று பேச்சுவாக்கில் சொன்னேன். ரமணிதான், "உன் முறையையும் நானே பாத்துக்கறேன் பியூலா, எனக்கெப்படியும் தூக்கம் வர்றதில்ல" என்றாள். அவளாகத்தான் சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

ஆனால் பாருங்கள், பனி இல்லாத அன்றைக்கும் அடிப்பாள். அன்றைக்கு ரெண்டு ரிங். பதறி எழுந்து ஓடினால் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். "எதுக்குடி அடிச்சே?" என்று கேட்டால், "சும்மாதான், நீ எழுந்துட்டியான்னு பாத்தேன். காப்பி போட்டேன், வர்றியா?" என்பாள். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை. இதை என்னவென்று சொல்ல?

சரி, அந்த ரிசார்ட் கதைக்கு வருகிறேன். இப்போது நிலம் கேட்கிறார்களே, அவர்களேதான். அவர்களுக்கு ரமணிதான் வருஷக்கணக்காகக் கொத்தமல்லியும் புதினாவும் லீக்ஸும் போட்டுக்கொண்டிருந்தாள். பின்பக்கக் கதவு வழியாக, தலையில் கூடையோடு. என் பேசில் முதல் அறுப்புக்கு வந்தபோது அவள்தான், "வா, செஃப்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று இழுத்துக்கொண்டு போனாள். ஜோஷி என்று ஒரு மலையாளி செஃப். இலையை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவரும் லண்டனில் இருந்தவராம். நாங்கள் பேசினோம், பேசினோம், அப்படிப் பேசினோம். எல்லாம் இங்கிலீஷில்தான். நடுவில் திரும்பிப் பார்த்தால் ரமணி கூடையை இறக்காமல் கதவோரமே நின்றுகொண்டிருக்கிறாள். "உட்காரேன்டி" என்றேன். "பரவால்ல, நீங்க பேசுங்க" என்றாள்.

அப்புறம் செஃப் தான் சொன்னார், எல்லாம் ஒரே கையிலிருந்து வந்தால் வசதி என்று. கொத்தமல்லி, புதினா உட்பட. நான் என்ன செய்வது? நான் போய்க் கேட்டேனா? ரமணியிடம் நேராகவே சொன்னேன்: "நீ எனக்குக் குடு, உன்னோடதையும் சேர்த்து நான் அனுப்பறேன்." "வேண்டாம் பியூலா, நான் மார்க்கெட்டுக்கே போட்டுக்கறேன்" என்றாள். முகம் சுளிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்கணும். சுளிக்கிற முகத்தை நம்பலாம், சுளிக்காத முகத்தை நம்பவே கூடாது.

குன்னூர் வந்துவிட்டது. டீ குடிக்கிறீர்களா? வேண்டாமா? நான் மட்டும் குடித்தால் நன்றாக இருக்காது. சரி, விடுங்கள்.

வேலியை விட்டுவிட்டேனே. ஒரு நாள் காட்டெருமை இறங்கி வந்து ரெண்டு பாத்தியை மிதித்துவிட்டது. அந்த வாரமே சுற்றிலும் கம்பிவலை அடித்துவிட்டேன், ஆள் உயரத்துக்கு மேல். ஓடைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை என் நிலத்துக்குள் போகிறது, அதற்கு ஒரு கேட் வைத்துப் பூட்டினேன். ரமணி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏன் பியூலா, காட்டெருமை என் வீட்டுப் பக்கமாவா வருது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். வேலி என்றால் நாலு பக்கமும்தானே அடிக்க முடியும்? மூன்று பக்கம் அடித்தால் அது வேலியா? மோட்டார் ஸ்விட்ச் அவள் வீட்டிலேயே இருக்கிறது, பம்பைப் பார்க்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டால் வந்து திறந்துவிடுவேன். சாவி ஒன்றுதான் இருந்தது, இல்லாவிட்டால் ஒன்று கொடுத்திருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் விருந்து. செஃப் வந்திருந்தார், பள்ளத்து ஆட்கள் எல்லாம் வந்திருந்தார்கள். ரமணி காலையிலிருந்தே அடுப்படியில் எனக்குக் கூடமாட இருந்தாள், அதை மறைக்கமாட்டேன். சாப்பிடும்போது பனியைப் பற்றிப் பேச்சு வந்தது. செஃப் கேட்டார், இத்தனை குளிரிலும் எப்படிச் செடியைக் காப்பாற்றுகிறீர்கள் என்று. நான் ரமணியைக் காட்டிச் சொன்னேன்: "எங்க பள்ளத்துல ஒரு சேவல் இருக்கு சார். பனி விழுந்தாலும் கூவும், விழாட்டாலும் கூவும். பனிக்குத் தப்பினாலும் இந்தச் சேவலுக்குத் தப்ப முடியாது." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செஃப்புக்குப் புரையேறிவிட்டது. ரமணியும் சிரித்தாள், நான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, "சரி தாயி, இனிமே கூவல. நீ நிம்மதியாத் தூங்கு" என்றாள்.

இது கேலிக்குப் பதில் கேலி. அப்படித்தானே எடுத்துக்கொள்ளணும்? பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் சொன்னால் இதை யாராவது சத்தியம் என்று எடுத்துக்கொள்வார்களா?

அதற்கப்புறம் அந்த ரெண்டு ரிங் வரவில்லை. நிம்மதி என்றுதான் இருந்தது. காப்பிக்கும் கூப்பிடவில்லை. எனக்கு வேலையும் தலைக்கு மேலே இருந்தது. பொங்கலையொட்டி ரிசார்ட்டில் பெரிய கல்யாணம். ரெண்டு நாள் விருந்துக்கு முழுக்க என் பேசில்தான் என்று செஃப் சொல்லியிருந்தார். செடி அப்படி வந்திருந்தது. இலை ஒவ்வொன்றும் குழந்தை உள்ளங்கை மாதிரி. போய் நின்றாலே வாசம் புடவையில் ஒட்டிக்கொள்ளும். பத்தொன்பது வருஷமாக ஜன்னலோரத் தொட்டியில் வளர்த்ததெல்லாம் இதற்கான ஒத்திகைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் கண் விழித்தபோது சுவரில் வெயில்.

சுவரில் வெயில் என்றால் உங்களுக்குப் புரியாது. எங்கள் பள்ளத்துக்காரர்களுக்குப் புரியும். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். மிலார் கொப்பையெல்லாம் தூக்கி எறிந்தேன். கறுப்பு. கொதிக்கிற தண்ணீரை ஊற்றின மாதிரி. இலையைத் தொட்டால் விரலில் கூழாக ஒட்டுகிறது. வாசம் மட்டும் இருக்கிறது, அதுவும் அழுகல் வாசம். பாத்தி பாத்தியாக ஓடிப் பார்த்தேன். எல்லாம் போயிற்று, மேல் மூன்று வரிசையைத் தவிர.

அதைத்தான் நான் சொல்ல வந்தேன். ரமணி நிலத்தை ஒட்டி, வேலியோரமாக மேலே மூன்று வரிசை. அதில் ஒரு இலை கருகவில்லை. மிலார் கொப்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அடியில் செடி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். கம்பிவலையில் நான் சொருகியிருந்த கொப்பை விலக்கி அந்தப் பக்கம் பார்த்தால் அவள் ஹோஸ் பைப் வேலியோரமே கிடக்கிறது, பக்கத்தில் ஒரு மர ஸ்டூல். அவள் கொத்தமல்லியெல்லாம் தளதளவென்று நிற்கிறது. ஆக, அவள் விழித்திருக்கிறாள். பனி விழுந்தது அவளுக்குத் தெரியும். ஹாலண்ணன் எழுந்திருக்கிறார், நடுப்படிக்காரர்கள் எழுந்திருக்கிறார்கள், பள்ளம் முழுக்க விளக்கெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஒரு ரிங் இல்லை. அந்த மூன்று வரிசை ஈரமே சாட்சி. வேறென்ன சாட்சி வேண்டும்?

ஒன்று சொல்லணும், அவளுடைய புதினாப் பாத்தி மட்டும் கருகித்தான் கிடந்தது. கொத்தமல்லியை முடித்துவிட்டு அதற்கு வர அவளுக்கு நேரமில்லை போலிருக்கிறது. நல்ல பாத்தி. எப்போதும் அப்படி விடமாட்டாள். அன்றைக்கு என்ன கவனமோ.

வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "ரமணி! வெளிய வாடி!" வந்தாள். போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தாள், கையை உள்ளே வைத்துக்கொண்டு.

"ஏன்டி எனக்கு அடிக்கல?"

"நீதானே தூங்கணும்னே."

அவ்வளவுதான். அந்த ஒரே வார்த்தைதான். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள் பாருங்கள், நிதானமாக. "எல்லாம் போச்சுடி" என்றேன். அவள் கறுத்துக் கிடந்த பாத்தியைப் பார்த்தாள், அப்புறம் அந்த மூன்று வரிசையைப் பார்த்தாள். "ஆமா, போச்சு" என்றாள். உள்ளே போய்விட்டாள். வருத்தப்படுகிறவள் ஒரு கையாவது நீட்டமாட்டாளா? வேலிக் கம்பியையாவது பிடிக்கமாட்டாளா? போர்வைக்குள்ளிருந்து கையை எடுக்கவே இல்லை. குற்றமுள்ளவர்கள் அப்படித்தான், கையை ஒளித்துக்கொள்வார்கள்.

செஃப்பைக் கேட்கிறீர்களா? அவர் ஒரு நிமிஷம்தான் வருத்தப்பட்டார். பெங்களூரிலிருந்து பெட்டியில் வரவழைத்துக்கொண்டார். அவரை விடுங்கள், வியாபாரி.

அப்புறம் ஒரு நாள் மளிகைக்கடையில் ரமணியைப் பார்த்தேன். நாங்கள் பேசவில்லை. சில்லறை எடுக்கும்போது அவள் கை தெரிந்தது. விரலெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, கணுவில் வெடித்து, மடக்கவே முடியவில்லை. நாணயம் கீழே விழுந்துவிட்டது. எனக்கு அது புதிதா? அபர்தீனில் எத்தனை மீனவர்களுக்கு மருந்து போட்டிருப்பேன்! ஈரமும் உறைகுளிரும் சேர்ந்து ரொம்ப நேரம் பட்டால் வருவது. கடைக்காரர் கேட்டதற்கு, "பாத்திரம் கழுவினது" என்றாள். பாத்திரம் கழுவி அப்படி வராது. நான் அவளுக்கென்று ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்த கையுறை இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. கொடுக்கத்தான் இருந்தேன், நடுவில் இப்படியாகிவிட்டது.

நிலத்தை விடப்போகிறேன் என்று ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினேன், பம்ப்செட் விஷயத்தையும் சேர்த்து. சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவ இடம், அவ இஷ்டம்" என்றாளாம். அவ்வளவு அலட்சியம்.

என்ன, ஏதோ கேட்க வந்தீர்கள்? கேளுங்கள்.

ம்.

நீங்களுமா? என் தம்பி இதைத்தான் கேட்டான். ஹாலண்ணன் கேட்டார். போன ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கேட்டார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு எல்லோரும் இதே ஒரு கேள்விதான். அந்த மேல் மூன்று வரிசைக்குத் தண்ணீர் எப்படி வந்தது? என் பேசில் போனது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பச்சையாக நின்ற அந்த மூன்று வரிசைதான் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. நீங்கள் கரூர்க்காரர், அவளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நீங்களும் அவள் பக்கம்.

காற்றில் சிதறி வந்திருக்கும்.

பனி விழுகிற அன்றைக்குக் காற்று இருக்காது, சரி. காற்று அடித்தால் பனியே விழாது, அது எனக்குத் தெரியாதா? அப்படியென்றால் பைப் தானாகத் திரும்பியிருக்கும். கீழே கிடந்து திரும்பினால் வேலியைத் தாண்டாது, கம்பிவலையில் மிலார் கொப்பைச் சொருகி மறைத்திருக்கிறேன். மேலே தூக்கித்தான் பிடிக்கணும். ஆள் உயரத்துக்கு மேல் என்றால் எதன் மேலாவது ஏறி நின்றாகணும். அதற்கும் பம்பின் வேகம் போதாது, சின்ன மோட்டார் அது. பைப் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால்தான் தண்ணீர் எட்டிப் பாயும், அதுவும் மூன்று வரிசை வரைக்கும்தான். அதற்கு மேல் எந்தக் கொம்பனாலும் முடியாது, கேட்டைத் திறந்து உள்ளே வந்தால் ஒழிய. நடுவில் நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் ஊற்றின தண்ணீரே உறைந்துவிடும். வெயில் வந்து கொப்பைத் தொடுகிற வரைக்கும் அப்படியே நிற்கணும். ஓடைத் தண்ணீர் விரல் வழியாக முழங்கை வரைக்கும் வழியும். தன் புதினா கண்ணெதிரே வெள்ளையாகிக்கொண்டே வரும், அதற்கும் திரும்பக் கூடாது. எந்தப் பைத்தியக்காரி அப்படி நிற்பாள்? எல்லோர் முன்னாலும் தன்னைச் சேவல் என்று சொன்னவளுக்காக?

அதனால்தான் சொல்கிறேன். யாரும் நிற்கமாட்டார்கள். அது ஏதோ தற்செயல்.



கல்லாறு தாண்டிவிட்டோம். இனி வளைவு இல்லை. காது அடைப்பு விட்டதா? ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள், வேர்க்கப்போகிறது.

வந்தாயிற்று. பார்த்து, மேலே உங்கள் பையை மறந்துவிடாதீர்கள். கரூர் பஸ் அந்தக் கடைசியில் நிற்கும்.

கண்டக்டர்! இந்த வண்டி திரும்ப எப்போது மேலே போகும்?

"டீ குடிச்சதும் எடுக்கறதுதானுங்க அம்மணி. ஏனுங்க, ஏதாச்சும் விட்டுட்டு வந்துட்டீங்களா?"

இல்லை, இல்லை. சும்மாதான் கேட்டேன்.

நீங்கள் இறங்குங்கள். ஏன் நிற்கிறீர்கள்? உங்கள் பஸ் போய்விடும். எனக்கு ஒன்றுமில்லை, கால் மரத்துப்போயிருக்கிறது. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு இறங்கிக்கொள்கிறேன்.